பாதிக் கம்பளி

நட்டநடுப் பகலில் உடையப்பனின் வாயிலிருந்து புகை வந்தது. சுருட்டு எதுவும் பிடிக்கவில்லை. விட்ட மூச்சுதான் வெள்ளையாக வந்தது. வெளியே ஈப்போ வெயிலில் தோட்டத் தொழிலாளர் லயத்தின் தகரக்கூரை சடசடத்தது, புளித்த ரப்பர் பால் நாற்றம் சூட்டோடு உள்ளே நுழைந்தது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் புருஷன் மாயாண்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்காகச் செல்லாயி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இவனோ கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பளியும் எத்தனை முறை கொடியில் போட்டாலும் காயவில்லை.

காலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் வந்து காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்தார். "காய்ச்சலே இல்லலா. உடம்பு சில்லுன்னுல்ல இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

காய்ச்சல் இல்லையென்று உடையப்பனுக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் எஸ்டேட் துரைக்குக் கோர்பு மலை உச்சியைப் பார்க்க ஆசை வந்தது. மூட்டை தூக்க இவனும் மாயாண்டியும். வழியில் ஆறு உடையப்பனின் கம்பளியை அடித்துக்கொண்டு போனது. ஏழாயிரம் அடி உயரத்தில், ராத்திரி முழுக்க மழையும் காற்றும். துரை கூடாரத்துக்குள், இவர்கள் பாறை ஓரத்தில். "பாதி எடுத்துக்கண்ணே" என்று மாயாண்டிதான் தன் கம்பளியை விரித்தான்.

விடிந்ததும் துரை முன்னால் இறங்கிவிட்டான். மாயாண்டிக்கு நடுக்கம் நின்றுபோயிருந்தது. கால் எழவில்லை. உடையப்பன் கம்பளியை உருவினான். "பாதியாச்சும் விட்டுட்டுப் போண்ணே." மாயாண்டி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செல்லாயி அடையாளத்துக்குச் சிவப்பு நூலில் தையல் போட்டிருந்த மூலை. அது கிழிந்து அவன் கையோடு போயிற்று.

மாயாண்டி பள்ளத்தில் விழுந்து செத்தான் என்று உடையப்பன் கீழே வந்து துரையிடம் சொன்னான். துரை தேட ஆள் அனுப்பவில்லை. செல்லாயியிடமும் அதையேதான் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் இன்று சாயங்காலம் அவள் தாலியைக் கழற்றப்போகிறாள். நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

பற்கள் கிடுகிடுவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. அவமானமாக இருந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று வாயை இறுக்கி மூடினான். சத்தம் நிற்கவில்லை.

மூச்சை அடக்கிக் கேட்டான். முதுகுப் பக்கம். கம்பளிக்குள்ளேதான். பாசியும் நனைந்த பாறையும் சேர்ந்த வாடை.

கதவு திறந்தது.

"அண்ணே, கஞ்சி கொண்டாந்தேன்" என்றபடி செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாயங்காலம் நீங்க வந்து நிக்கணும். அவரு சாவறதக் கண்ணால பாத்தது நீங்க ஒருத்தருதானே."

"நான் பாக்கல, தங்கச்சி."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அவன் விழல. நான் வர்றப்ப உசுரோடதான் இருந்தான். இது அவன் கம்பளி. உருவிக்கிட்டு வந்துட்டேன்."

அவள் அழுவாள், காறித் துப்புவாள், லயமே கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டான். எதுவும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கிழிந்த மூலையில் கை நின்றது. பிறகு மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல, கம்பளியை உடையப்பன் மேலிருந்து இழுத்தாள். முழுவதும். அவன் முதுகுக்குப் பின்னால் போர்த்தினாள்.

"இனிமே குளிராதுங்க" என்றாள்.

குளிர் எலும்பில் இறங்கியது. திரும்பிப் பார்க்கப் பயம். திரும்பாமல் இருக்கவும் பயம்.

"செல்லாயி... பாதியாச்சும் குடும்மா."

அவள் காதில் விழவில்லை. கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். தாலி கழுத்திலேயே இருந்தது. பல் அடிக்கும் சத்தம் இப்போது உடையப்பன் வாயிலிருந்து மட்டும்தான் வந்தது.

கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கறுத்துச் சுருங்கிய விரல்கள். கஞ்சிக் கிண்ணத்துக்காக அது மெல்லத் திறந்தது. உள்ளங்கையில் ஈரமான கம்பளித் துண்டு. அதில் சிவப்பு நூல்.