விலாசம் இல்லாத ஆறு பேர்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தர்மராஜ் அப்போதுதான் இட்லியைச் சாம்பாரில் முக்கியிருந்தார். கொஞ்ச நேரம் விட்டால் அதுவே நின்றுவிடும் என்று பார்த்தார்.

நிற்கவில்லை. எடுத்தார்.

"சார்... ஆறு பேரைக் கடத்திட்டாங்க."

ஒரு பெண் குரல். நடுங்கியது.

"யாரும்மா பேசறது? யாரைக் கடத்திட்டாங்க?"

"ஜோதிலட்சுமி சார். நகராட்சியில மனநல ஆலோசகர். பஸ் ஸ்டாண்டுல படுத்துத் தூங்கற ஆறு பேரையும் காணோம். விடிஞ்சு வந்து பாத்தா... துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு."

இட்லி சாம்பாரிலேயே கரைந்தது.

சவுக்கூர்! மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் வரும். மேப்பில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு போலீஸ் ஸ்டேஷன், புத்தம் புதிதாக ஒரு நகராட்சி அந்தஸ்து. அந்த ஊரில் இதுவரை யாரும் யாரையும் கடத்தியதில்லை. ஒரு தடவை ஓர் ஆட்டைத் திருடினார்கள். அதுவும் தானாகவே திரும்பி வந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில்... ஆறு பேர்!

ஸ்டேஷனில் ஏட்டு ஏசுதாஸ் பேனாவோடு காத்திருந்தார். ஜோதிலட்சுமியிடம் காணாமல் போனவர்களின் நிரந்தர விலாசத்தைக் கேட்டார். வீடு இல்லாதவர்களுக்கு ஏது விலாசம் என்றாள் அவள். அப்படியானால் தற்காலிக விலாசம் என்றார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு என்றாள்.

ஏசுதாஸ் பேனாவை மூடினார்.

"இது நிக்காதும்மா. ஒரு ஆளு எங்க இருக்கணும்னு தெரிஞ்சாத்தான, அங்க இல்லன்னு எழுத முடியும்? இவங்க எங்கயும் இருக்க வேண்டிய ஆளுங்களே இல்லையே."

"இன்னிக்கு இருந்தே ஆகணும் சார்," என்றாள் ஜோதிலட்சுமி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

தர்மராஜ் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். அவள் சொன்னது இதுதான்.

சென்னையில் கூரை நிதியம் என்று ஓர் அமைப்பு. வீடற்றவர்களுக்கு வீடு கட்ட மானியம் தருகிறது. வீட்டோடு சேர்த்து மனநல ஆலோசனை மையமும் உண்டு. சவுக்கூர் நகராட்சி அந்த மானியத்தை ஆதரித்து ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. டீயில் சர்க்கரை போடலாமா என்பதற்கே சட்டையைப் பிடித்துக்கொள்ளும் கவுன்சிலர்கள், இதற்கு மட்டும் ஒன்றாகக் கை தூக்கியிருந்தார்கள்.

இன்று மதியம் நிதியத்துக்காரர்கள் நேரில் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விதி. வீடில்லாதவர்களைத் தெருவிலேயே பார்ப்பார்கள், அவர்களிடமே பேசுவார்கள். ஆள் இல்லையா... வீடும் இல்லை! மானியம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

"அந்த ஆறு பேர்ல சம்பூர்ணம்னு ஒரு அம்மா சார். மழைக்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாம இருந்தாங்க. இப்பத்தான் வாயத் திறந்திருக்காங்க. வீடு வரும்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். வரலன்னா அவங்க திரும்ப அந்த இருட்டுக்குள்ளயே போயிடுவாங்க. என்னால இன்னொரு தடவை கூப்பிட்டு வர முடியாது."

அப்போது கதவு படாரென்று திறந்தது.

நகராட்சி கமிஷனர் ஹரிஹரன்! சட்டையெல்லாம் வியர்வை. மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தார். இது பக்கத்து ஊர்க்காரன் வேலை என்று அடித்துச் சொன்னார். அவர்களும் இதே மானியத்துக்கு மனு போட்டிருக்கிறார்களாம்.

"அவனுங்க ஊர்ல வீடில்லாதவங்க பத்தல இன்ஸ்பெக்டர். அதான் நம்ம ஆளுங்களைத் தூக்கிட்டானுங்க."

தர்மராஜின் மீசை துடித்தது. இருபது வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒரு வழக்கில் நோக்கம் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. தொப்பியை எடுத்து மாட்டினார்.

பஸ் ஸ்டாண்டு...

பளபளத்தது! அதுதான் சந்தேகம். பெஞ்சுகள் கழுவப்பட்டிருந்தன. வெற்றிலைக் கறை இல்லை. ஒரு போஸ்டர்கூட இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் நேர்க்கோடாக வெள்ளைப் பொடி.

தர்மராஜ் மண்டியிட்டார். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"பிளீச்சிங் பவுடர்," என்றார் இருமிக்கொண்டே. "மோப்ப நாய் வந்தாலும் வாசனை தெரியக்கூடாதுன்னு கொட்டியிருக்கானுங்க. இது கை தேர்ந்த கும்பல் ஏசுதாஸ்."

ஏசுதாஸ் வாயைப் பிளந்தார்.

எதிரே இருந்த டீ மாஸ்டர்தான் ஒரே சாட்சி. பயந்து பயந்து வாயைத் திறந்தார். மஞ்சள் வண்டி ஒன்று வந்ததாம். முகத்தில் மாஸ்க், கையில் உறை போட்ட ஆட்கள். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆளுக்கு ஒரு பன் கொடுத்து மரியாதையாக ஏற்றினார்களாம்.

"ஒரே ஒரு ஆளுதான் சார் கத்திகினே இருந்தாரு. உங்க எல்லாருக்கும் வேலை பூடும், நான் யாருன்னு தெரியுமான்னு. அவருக்கும் பன் குடுத்தாங்க. வாங்கல."

எந்தப் பக்கம் போனார்கள்? தெரியாது. ஆனால் வெள்ளைக் கோடு போகும் பக்கம் தெரிந்தது. தர்மராஜ் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஏசுதாஸ். அவருக்குப் பின்னால் ஜோதிலட்சுமி, கமிஷனர், நாலு நாய்கள்.

கோடு மார்க்கெட்டைத் தாண்டியது. திரும்பியது. ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது...

கேட்டுக்கு மேலே பலகை. சவுக்கூர் நகராட்சி அலுவலகம்!

"கும்பல் உள்ளதான் இருக்கு," என்று கிசுகிசுத்தார் தர்மராஜ். ரிவால்வர் கைக்கு வந்தது.

உள்ளே மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு. புதிய கோலம். 'வருக வருக' என்று பேனர். பேனருக்குக் கீழே மஞ்சள் வண்டி. வண்டியில் சாய்ந்துகொண்டு வெங்காய போண்டா தின்றுகொண்டிருந்தார் நகராட்சி டிரைவர் முனிசாமி.

"கையத் தூக்கு."

முனிசாமி தூக்கினார். ஒரு கையில் போண்டா.

"ஆறு பேரு எங்க?"

"செய்யூர் தாண்டி சவுக்குத் தோப்புல கீறாங்க சார். எப்பவும் அங்கதான வுடுவோம். இன்னா இப்ப?"

ரிவால்வர் மெல்லத் தாழ்ந்தது.

முனிசாமி நிதானமாக விளக்கினார். பெரிய ஆளுங்க வந்தால் ஊரைத் தயார் பண்ணுவது அவர் பொறுப்பு. முதலில் பவுடர். அப்புறம் மரத்துக்குச் சுண்ணாம்பு. அப்புறம் ரோட்டில் படுத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் தோப்பில் விடுவது. சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது. எத்தனையோ வருஷமாக இதுதான் நடக்கிறது. நேற்றுகூட கமிஷனர் ஐயா கூப்பிட்டு, முக்கியமான ஆளுங்க வர்றாங்க, எல்லாத்தையும் எப்பவும் போல ரெடி பண்ணு என்றாராம்.

எல்லோரும் கமிஷனரைப் பார்த்தார்கள்.

கமிஷனர் மரத்தில் இருந்த காக்காயைப் பார்த்தார்.

"யோவ் முனிசாமி," என்றார் தர்மராஜ், "வர்றவங்க அந்த ஆறு பேரைப் பாக்கத்தான்யா வர்றாங்க."

முனிசாமி போண்டாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம்.

"அத யாரும் சொல்லலையே சார். இத்தினி வருசத்துல எந்தப் பெரிய ஆளும் அவங்களப் பாக்க வந்ததில்லையே."

அந்தச் சுண்ணாம்பு மரங்கள்கூட வெட்கப்பட்டிருக்கும்.

ஜீப் பறந்தது! பின்னால் மஞ்சள் வண்டி. வேர்க்கடலைக் கொல்லைகள் இரண்டு பக்கமும் ஓடின. ஜோதிலட்சுமிக்கு ஒரே பயம். சம்பூர்ணம் மறுபடி ஊமையாகியிருந்தால்...? யாரோ வந்து அள்ளிக்கொண்டு போய்க் காட்டில் கொட்டினால் யார்தான் பேசுவார்கள்?

தோப்பு. நிழலில் உருவங்கள். தர்மராஜ் எண்ணினார்.

ஏழு!

"ஆறு தானேம்மா சொன்ன?"

சம்பூர்ணம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஜோதிலட்சுமிக்கு உயிர் வந்தது. ஏழாவதாக ஒருவர், லுங்கி, நாலு நாள் தாடி, மண்ணில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் அவரைப் பன் தின்னச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். போலீஸைப் பார்த்ததும் அவர் துள்ளி எழுந்தார்.

"நான் பாஷ்யம். கூரை நிதியத்தோட தலைவர். இந்த ஊரையே சும்மா விடமாட்டேன்."

ஏசுதாஸ் தர்மராஜின் காதைக் கடித்தார். போன மாதம் ஒருத்தர் தான்தான் கலெக்டர் என்று சொல்லி ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். முனிசாமியும் சாட்சி சொன்னார். வண்டியில் ஏற்றும்போதே இவர் இதைத்தான் சொன்னாராம். தானும் சரிங்க சார், சரிங்க சார் என்றுதான் ஏற்றினாராம்.

ஜோதிலட்சுமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைப் பஞ்சாக்கினாள்.

"நீங்க பாஷ்யம்தான் சார். இல்லன்னு யாரும் சொல்லல. மூச்சை மட்டும் மெதுவா இழுங்க... மெதுவா விடுங்க."

"நான் பாஷ்யம்தான்மா!"

"ஆமா சார். இழுங்க..."

அவரையும் சேர்த்து வண்டியில் ஏற்றினார்கள். இந்த முறை பன்னை வாங்கிக்கொண்டார்.

சவுக்கூரில் கமிஷனர் ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு சுத்தமாக இருந்தால் நிதியத்துக்குச் சந்தேகம் வரும் என்று பழைய அழுக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். துப்புரவுப் பணியாளர்கள் குப்பையைக் கொட்டிவிட்டு, இது போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏழாவது ஆளுக்கு இடம் போதவில்லை. சம்பூர்ணம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கார் வந்தது!

ஓர் இளம் பெண் மட்டும் இறங்கினாள். நிதியத்தின் செயலாளர், பெயர் மானசா. கமிஷனர் மாலையோடு காருக்குள் எட்டிப் பார்த்தார். காலி.

"தலைவர் வரலிங்களா மேடம்?"

மானசா விழித்தாள்.

"அவர் விடியறதுக்கு முன்னாடியே பஸ்ல வந்துட்டாரே. லுங்கி கட்டிக்கிட்டு, போனைக்கூட என்கிட்ட கொடுத்துட்டு வந்தார். யாருக்கும் தெரியாம அவங்களோட பெஞ்சுல உக்காந்து பாக்கணும்னு சொன்னார்."

அத்தனை கழுத்துகளும் திரும்பின.

பெஞ்சில் பாஷ்யம் மூச்சை மெதுவாக இழுத்தார். மெதுவாக விட்டார்.

பிறகு எழுந்தார். ஐயோ, அந்த எழுச்சி! கமிஷனர் கையிலிருந்த மாலை தரையில் விழுந்தது. இந்த ஊருக்கு ஒரு செங்கல்கூட கிடையாது என்றார் பாஷ்யம். மானியம் பக்கத்து ஊருக்கே என்றார். தன்னை மூட்டை மாதிரி ஏற்றினார்கள், மூட்டை மாதிரி இறக்கினார்கள் என்றார். கமிஷனர் கை கூப்பினார். தர்மராஜ் சல்யூட் அடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மானசா காரின் கதவைத் திறந்து பிடித்தாள்.

ஜோதிலட்சுமி சம்பூர்ணத்தின் முகத்தையே பார்த்தாள். அது மூடிக்கொள்ளப் போகிறது என்று பயந்தாள்.

மூடவில்லை. சம்பூர்ணம் எழுந்து காருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நைனா, இங்க பாரு. காலையிலேர்ந்து நீ யாருன்னு சொல்லிகினே இருந்த. ஒருத்தனும் நம்பல. ஒரு வேளைக்கே உனுக்கு இம்மாம் கோவம் வருது. நானும் மொதல்ல சொல்லிகினுதான் இருந்தேன், இன்னார் பொஞ்சாதி, இன்ன தெருன்னு. எல்லாரும் சரிம்மா, சரிம்மான்னு பூட்டாங்க. அப்பறம் சொல்றத வுட்டேன். அப்பறம் பேசறதையே வுட்டேன். உனுக்கு இவங்க மேல கோவம்னா இவங்கள திட்டு, நானும் சேந்து திட்டறேன். என் வூட்ட ஏன் நிறுத்தற?"

பாஷ்யம் காரை நோக்கி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார்.

தர்மராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பவுடர் பட்டுவிட்டது என்றார். யாரும் நம்பவில்லை.

"மானசா," என்றார் பாஷ்யம் கடைசியில். "அனுமதின்னு எழுதிக்கோ. ஆலோசனை சேவை பிரமாதம்னும் எழுது. அந்தப் பொண்ணு மூச்சு விடச் சொன்ன விதத்துல, தோப்பை விட்டுக் கிளம்பறதுக்குள்ள நான் பாஷ்யம் இல்லையோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு."

சம்பூர்ணம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, ஊர் கேட்க அழுதாள்.

வீடு எழும்பியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெரு. ஆறு அறை, பொதுச் சமையலறை, முன்பக்கம் ஜோதிலட்சுமியின் ஆலோசனை மையம். ஆறு பேரும் குடிவந்து பால் காய்ச்சிக் குடித்துவிட்டார்கள்.

அப்புறம் திறப்பு விழா!

சென்னையிலிருந்து மிகப் பெரிய ஆள் வருகிறார். கமிஷனர் ஹரிஹரன் இந்த முறை உஷார். ரோட்டில் இருக்கிற ஒருத்தர்மீதும் கை வைக்கக்கூடாது என்று முனிசாமியைக் கூப்பிட்டு எச்சரித்தார். முனிசாமியும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ரோட்டில் ஒருவர்மீதும் கை வைக்கவில்லை.

ஆனால் ரிப்பன் வெட்டும் நேரம் நெருங்கியபோது கமிஷனருக்கு உதறல் எடுத்தது. பெரிய ஆள் உள்ளே வரும்போது ஹாலில் கூட்டம் இருந்தால் போட்டோ சரியாக விழாதே... மஞ்சள் வண்டியை வாசலில் நிறுத்தச் சொன்னார். குழைந்துகொண்டே கதவைத் தட்டினார்.

கையில் கரண்டியோடு சம்பூர்ணம் வந்தாள். உள்ளே ரசம் கொதிக்கும் வாசனை.

"அம்மா, ஒரு மணி நேரம் மட்டும் எல்லாரும் கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடுங்களேன். பெரியவர் வர்றார்."

சம்பூர்ணம் அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பின்னால் பேனரும் பூச்செண்டுமாக நெருக்கிக்கொண்டு நின்ற அதிகாரிகளை எல்லாம் பார்த்தாள்.

"இது ரோடு இல்ல கமிஷனரே, வூடு. அவரு வரட்டும், செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போட்டும். உங்களுக்கு நெருக்கடியா கீதுன்னா நீங்க எல்லாரும் வண்டியில ஏறுங்க... செய்யூர் தோப்புல நல்லா காத்து வருது, பன்னும் குடுப்பாங்க."