தொண்டையில் மூன்று வரிசை

கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். ஆனால் அன்று பொழுது சாய்ந்து, ஓட்டின் மேல் மழை இறங்கத் தொடங்கிய வேளையில் கங்கப்பன் முதல் உருண்டையை விழுங்கியபோது, கல்லோடு கல் உரசுவதுபோல நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஏய்யா, களியப் போயி மெல்லுவாங்களா?" என்றாள் மனைவி சென்னம்மா. "பல்லு மொளைக்காத கொழந்தகூட முழுங்கிப்புடும்."

அவன் தாடை அசையவே இல்லை. சத்தம் அதற்கும் கீழே இருந்து வந்தது.

தென்பெண்ணையின் கோயில் மடுவில் இருக்கும் யானைக்கெண்டைகளை ஊரில் யாரும் தொடுவதில்லை. புதுவெள்ளத்தில் எதிர்நீச்சலிட்டு வந்து, சரளைக்கல் இடுக்குகளில் தவணை தவணையாக முட்டையிடும் மீன்கள் அவை. ஓர் ஆள் உயரம் வளர மாமாங்கம் ஆகும். களியுருண்டை போட்டுப் போட்டுப் பழகியதால், கரையில் கைதட்டினாலே வாய் பிளந்து மேலே வரும். அன்று விடியலில் கங்கப்பனும் கைதட்டினான், களி போட்டான். எல்லாம் கூடியதும், வேலை செய்யும் கல்குவாரியிலிருந்து திருடி வந்த வெடிமருந்துத் தோட்டாவைப் பற்றவைத்து மடுவில் வீசினான். தண்ணீர் அமுங்காது, அதிர்வை அப்படியே கடத்தும். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை வெடித்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

சினை மீன் ஒன்று மட்டும் உடனே சாகவில்லை. வாய்க்குள் கைவிட்டு இழுத்தான். வழவழவென்றிருந்தது. யானைக்கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் மூன்று வரிசை. நண்டையும் நத்தையையும் அங்கேதான் அரைக்கும். சாகும்வரை அது வெறும் தொண்டையை அரைத்துக்கொண்டே கிடந்தது.

பெரியதையெல்லாம் காவேரிப்பட்டினம் சந்தையில் விற்றாயிற்று. கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று. ஆனாலும் அடுப்புப் புகையையும் மீறி வீட்டுக்குள் பாசி வாடை ஏறிக்கொண்டே வந்தது.

"மடுவுல குஞ்சும் குளுவானுமா மெதக்குதாம்," என்றாள் சென்னம்மா, சட்டியைக் கவிழ்த்தபடி. "எந்தக் கட்டையில போறவன் பண்ணானோ. அவன் கை வெளங்காமப் போவ."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. நறநறப்புதான் வந்தது.

நாக்கால் துழாவினான். மேல் ஈறு வழுக்கியது. கீழ் ஈறும். ஒரு பல்கூட இல்லை.

மழைக்குள் ஓடினான். கொல்லைச் சுவரில் சாய்ந்தான். உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் போதும். இரண்டு விரலை விட்டான்.

தொண்டை கவ்வியது.

இழுத்தான். அது இழுத்தது. மணிக்கட்டு உள்ளே போனது.

"என்னய்யா பண்ற அங்க?"

லாந்தர் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடப் பார்த்தான். மூட இமை இல்லை.

முழங்கை போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. நற. நற.