இருபத்து மூன்றாவது ஆள்

மூன்றாவது முறையும் பில்டு தோற்று, திரையில் சிவப்பில் நின்றது. மூலையிலிருந்த, சர்வர் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் பழைய கம்ப்யூட்டர், பட்டாசுக் கம்பெனியின் வருகைப்பதிவு மென்பொருளை முழுக்கத் தொகுத்துவிட்டுக் கடைசிச் சோதனையில் முரண்டு பிடித்தது. உள்ளே போனவர்கள் 23, வெளியே வந்தவர்கள் 22.

"உபைது, என்னத்த மாத்துன?" என்றாள் ஹாஃபிஸா.

"நேரம் கணக்கிடுற லைப்ரரி நிரல மட்டுந்தான்க்கா புதுசாக்குனேன். பழசப் போட்டுப் பாருங்க. ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வந்துருதேன்." உபைதுல்லா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

பழையதைப் போட்டாள். அப்போதும் 23, 22.

மூன்று மணிக்குப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ரத்தினசாமி மென்பொருளைப் பார்க்க வருகிறார். சோதனைக்கு அவள் வைத்திருந்தது அவருடைய நாரணாபுரம் கம்பெனியின் ஒருநாள் பதிவு. 2006 மார்ச்சில் வெடிமருந்துக் கலவை அறை வெடித்த நாள். அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. வெடித்த பிறகு, வாசலில் மிஞ்சிய ஒரு சோடி நீல ரப்பர் செருப்பை வைத்துத்தான் உள்ளே இறந்த பெண் யார் என்றே கண்டுபிடித்தார்கள். "அந்தப் பிள்ள நம்ம ரிஜிஸ்டர்லயே இல்லம்மா. பேர எடுத்துருங்க" என்றார் ரத்தினசாமி. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து எடுத்துவிட்டாள். மிச்சம் இருபத்திரண்டு பேர்; உள்ளேயும் 22தான் வரவேண்டும். அவளே எண்ணியிருக்கிறாள்.

பிழைப் பட்டியலைத் திறந்தாள்.

வெளியே வராதவர்: பேச்சியம்மாள்.

பெயரை அழித்தாள். சோதனையை மறுபடி ஓட்டினாள். பேச்சியம்மாள்.

அலுவலகத்துக்குக் கீழே இருந்த அச்சகத்தில் சாப்பாட்டுக்காக மெஷினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், பழகிப்போன மை வாடையை அமுக்கிக்கொண்டு, கருகிய மருந்தின் நெடி படி வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்தது.

"நா என்ன செய்ய, பேச்சி? அவுக சொன்னாக, எடுத்தேன்." திரையைப் பார்த்தபடியே அழுதாள்.

படியில் காலடிச் சத்தம். மெதுவாக. ரப்பர் செருப்பு. தட். தட். வாசலில் நின்றது.

சர்வர் தானாக ஓடியது.

பச்சை.

உள்ளே 23. வெளியே 23. கடைசியாக வெளியேறியவர் பேச்சியம்மாள், மணி 1.12.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 1.12.

திரும்பினாள். அறையில் யாரும் தெரியவில்லை. பாதி திறந்த கதவுக்கு வெளியே, அவள் செருப்பை ஒட்டி, ஒரு சோடி நீல ரப்பர் செருப்பு கழற்றிவிடப்பட்டிருந்தது.