நான்கு கை தூரம்

கோயிலில் மாலைப் பூசைக்கான சாயரட்சை மணி அடிப்பதற்குள் வாசுகி மகளைக் கிளப்பிவிடுவாள். குடை, செருப்பு, கடைசியாகக் காப்புவளை. யாழரசியின் மணிக்கட்டில் அந்த வளை பச்சையாகக் கண் சிமிட்டிய பிறகுதான் வாசற்கதவு திறக்கும்.

தெருவில் இறங்கினால் கூட்டம் தானாக விலகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் வளை உண்டு. பெற்றவர்கள் வளையில் பதிவு செய்யாத ஆள் அதன் எல்லைக்குள் கால் வைத்தால் நரம்பதிர்வு பாயும். முழங்கால் மடிந்து விழுவார். மற்றவர்கள் அந்த எல்லையை இரண்டு கை தூரம் வைத்து, மாமா, அத்தை, பக்கத்து வீட்டார் என்று சிலரைச் சேர்த்திருந்தார்கள். வாசுகி நான்கு கை தூரம் வைத்திருந்தாள். தன்னைத் தவிர யாரையும் சேர்க்கவில்லை. பிள்ளை காணாமல் போன செய்தி ஊரில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பயம் மட்டும் குறையவில்லை.

கோயில் முனையில் பூ விற்கும் செல்லக்கனி தினமும் எட்ட நின்றே பேசுவாள்.

"என்ன தாயி, இன்னைக்காவது பூ வாங்கிக்கிடுவியா?"

"வீசுங்க, பிடிச்சுக்கிடுதேன்" என்பாள் யாழரசி.

"சாமிக்குப் போற பூவ வீசவா? நல்லா இருக்குடி நியாயம்!"

வாசுகி மகளின் கையை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

அன்று மழை. முனையில் முழங்கால் அளவு தண்ணீர். வாசுகி வழுக்கி, கல்லில் தலை மோதி, முகங்குப்புற விழுந்தாள். யாழரசி ஓடிப்போய் அம்மாவின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அதற்கு மேல் தூக்க அவளுக்குப் பலமில்லை. அம்மா கண் திறந்து வளையைப் பார்த்தால்தான் அது கழலும். கண் திறக்கவில்லை.

டீக்கடைக்காரர் ஓடிவந்தார். எல்லைக்குள் வந்ததும் சுருண்டு விழுந்தார். மற்றவர்கள் எல்லைக்கு வெளியே நின்று காலைப் பிடித்து இழுத்து அப்பால் போட்டார்கள்.

"பாப்பா, அம்மாவ விட்டுட்டுத் தள்ளிப் போ!" செல்லக்கனி கத்தினாள். "நீ போனாத்தான் நாங்க வர முடியும்!"

"விட்டா முங்கிருவாங்க!"

"விட மாட்டோம் தாயி. சாமி சத்தியமா. ஓடு!"

வெளியாள் யாரையும் நம்பாதே என்று தினமும் சொன்ன முகம் அவள் கைகளில் கனத்தது. பிறகு விட்டாள். தலை தண்ணீருக்குள் போனதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள். மறுகணம் பத்துக் கைகள் அம்மாவைத் தூக்கின.

வாசுகி பிழைத்தாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக வளையைக் கழற்றினாள்.

சாயரட்சைக்கு இருவரும் போனார்கள். பழக்கத்தில் தெரு விலகியது. கோயில் முனையில் வாசுகி மகளை மெல்ல முன்னே தள்ளினாள். "போ கண்ணு, நீயே வாங்கு."

யாழரசி நான்கு கை தூரத்தில் நின்றுவிட்டாள். வெறும் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் கிட்ட போனா அவங்களும் விழுந்திருவாங்கம்மா."

செல்லக்கனி ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இந்தா, உக்காந்துட்டேன். இனி விழ எடமில்ல. வா."

யாழரசி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள். பூவுக்காகக் கையை நீட்டினாள். விரல் தொடுமுன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.