நாலு பச்சை பாட்டில்கள்

"கட்!"

டைரக்டர் பிரானிகன் கத்தினார்.

எல்லோரும் அசைந்தார்கள். க்ளைடு ஃபாரடே மட்டும் அசையவில்லை.

காட்சி இதுதான். இருட்டான மதுக்கடை. எதிரி நாட்டு உளவாளி என்று நினைத்து, காதலன் தலையிலேயே நாயகி பாட்டிலை உடைக்கிறாள். அவன் கண் விழிக்கிறான். முத்தம்.

க்ளைடு கண் விழிக்கவில்லை.

"போதும்ப்பா நடிப்பு. எழுந்திரு."

நாயகி வெர்னா குனிந்து அவன் தலையைத் தூக்கினாள். கை நனைந்தது.

சிவப்பு...

அவள் அலறல் ஸ்டூடியோ கூரை வரை போனது.

ஹாலிவுட், 1943. ஊரில் பாதி ஆண்கள் போர்முனையில். க்ளைடும் அடுத்த வாரம் பட்டாளத்துக்குப் போக வேண்டியவன்.

டிடெக்டிவ் மல்ராய் வந்ததும் வெர்னாவை உட்கார வைத்தார். எதிரே மேஜை. மேஜைமேல் தட்டு. அதில் மிச்சமிருந்த மூன்று பச்சை பாட்டில்கள்.

"இதெல்லாம் சர்க்கரைப் பாகு காய்ச்சி வார்த்தது சார்," என்றார் பிரானிகன். "பட்டா வலிக்காது. அப்படியே நொறுங்கிடும்."

மல்ராய் தரையிலிருந்து உடைந்த பாட்டில் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது சர்க்கரை இல்ல. அசல் கண்ணாடி. ஏம்மா, எடுக்கும்போதே கனம் தெரியலையா?"

"இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல சார். சர்க்கரை ரேஷன்... ஒத்திகை எல்லாம் வெறுங்கையிலதான்."

"எந்த பாட்டிலை எடுக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல... கைக்கு வந்ததை எடுத்தேன்."

"நாலுல ஒண்ணுதான் கண்ணாடி. உன் கை கரெக்டா அங்கதான் போச்சா?"



மேக்கப் போடும் மேபல் காபியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"க்ளைடை வழியனுப்பச் செஞ்ச கேக் சார். அவன்தான் போயிட்டானே... நீங்களாவது சாப்பிடுங்க."

பச்சைப் பாகு பூசிய கேக். மல்ராய் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு வெர்னா பக்கம் திரும்பினார்.

"நேத்து அவனை என்ன சொன்னே?"

"கோவத்துல..."

"என்ன சொன்னே?"

"உன் மண்டைய உடைக்கறேன்னு."

"சொன்னதைச் செஞ்சுட்டே. விஷவாயு அறை பத்திக் கேள்விப்பட்டிருக்கியாம்மா?"

கேள்விப்பட்டிருந்தாள். மரண தண்டனைக்கென்று கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. வெளியே நின்று பார்ப்பார்களாம்...

அவள் பார்வை தட்டின்மேல் விழுந்தது. மூன்று பாட்டில்கள். மூன்றும் ஒரே மாதிரி மின்னின.

ஒரே மாதிரி!

சட்டென்று ஒன்றைப் பிடுங்கினாள்.

மல்ராய் கையில் துப்பாக்கி.

"கீழ வை! சுட்டுருவேன்."

வெர்னா கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலை நக்கினாள்.

வைத்தாள். அடுத்ததை நக்கினாள். அதற்கடுத்ததையும்.

"இனிக்கல," என்றாள். "மூணும் இனிக்கல சார். நான் எதை எடுத்திருந்தாலும்... அவன் செத்திருப்பான்."



மல்ராய் மூன்றையும் வாங்கித் தானும் நக்கிப் பார்த்தார். துப்பாக்கி மெல்ல இறங்கியது.

"கொல்ல ஒரு பாட்டில் போதும். நாலையும் எதுக்குடா மாத்தினான்?" தனக்குள் முனகியவர், பிரானிகனைப் பார்த்தார். "அப்போ அந்த நாலு சர்க்கரை பாட்டில் எங்கய்யா?"

"தெரியாதுங்க. இந்த ரேஷன் காலத்துல அவ்வளவு சர்க்கரை கிடைச்சா, ஒரு கேக்கே..."

பிரானிகன் பாதியில் நிறுத்தினார்.

எல்லோரும் கேக் தட்டைப் பார்த்தார்கள்.

பச்சைப் பாகு.

மேபல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் காட்சியே கிடையாதுன்னு நேத்து சொன்னீங்களே டைரக்டர் சார்!"

"ராத்திரி கதையை மாத்திட்டோம் மேபல். காலையில திரும்பச் சேர்த்தோம்."

"எறும்பு மொய்க்குதுன்னு சர்க்கரை பாட்டிலை என் அறை அலமாரியிலதான் வச்சிருந்தாங்க. அலமாரி காலியா தெரிய வேணாம்னு அந்த இடத்துல வெறும் கண்ணாடி பாட்டிலை அடுக்கினேன். ஷூட்டிங்குக்கு வந்து எடுத்துட்டுப் போனது தெரியலையே... நான் உள்ளே கேக் வெட்டிட்டு இருந்தேன்." முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு நல்ல கேக்கு தின்னுட்டுப் போகட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான் சார்."

வெர்னா அழுதாள். தனக்காகவா, மேபலுக்காகவா... அவளுக்கே தெரியவில்லை.

மல்ராய் வாயைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கேக் தட்டைப் பத்திரமா எடுத்து வைய்யா. சாட்சியத்துல பாதியை நான் தின்னு தொலைச்சுட்டேன்."