எறும்பு மொய்க்காத தண்ணீர்

“சார், எனக்க செல்லு முழுக்கச் செத்துப் போச்சு.”

தக்கலை மாடி அறையில், துப்பறியும் ததேயுஸின் முன் அமர்ந்ததுமே வாழை ஆராய்ச்சி செய்யும் சிவப்ரியா அழுதுவிட்டாள். மட்டி வாழையை வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. மட்டியில் விதை கிடையாது. மகரந்தம் சேர்த்துப் புது ரகம் உண்டாக்க வழியில்லை. அதனால் மட்டியின் செல்லையும், நோய் அண்டாத காட்டுவாழையின் செல்லையும் அவற்றின் செல்சுவரை நீக்கி ஒன்றாக இணைத்திருந்தாள். பல வருட உழைப்பு ஆறு கண்ணாடித் தட்டுகளில் இருந்தது. நேற்றுக் காலை பார்த்தபோது ஐந்து தட்டுகளில் உயிரில்லை. ஒன்றைக் காணவே இல்லை.

“கூட்டித் துடைக்கிற நேசபாய்தான். ஒண்ணை உடைச்சுப் போட்டு, ஏசியையும் அணைச்சு மத்ததைச் சூட்டுல சாக விட்டிருக்கா. நேத்தே வேலையை விட்டு நிறுத்தியாச்சு.”

உதவியாளன் லிஜோ நேசபாயைப் பிடித்துவர எழுந்துவிட்டான். துப்பறிவதில் அவனுக்குப் பிடித்ததே ஓடிப்போய்ப் பிடிப்பதுதான்.

“இரு மக்கா. மொதல்ல தட்டைப் பாப்போம்,” என்றார் ததேயுஸ்.

ஆய்வுக்கூடத்தில் சிவப்ரியாவோடு வேலைபார்க்கும் தோழி ஹரிதா எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்தாள். ததேயுஸ் சொன்னதற்காக சிவப்ரியா மைக்ராஸ்கோப்பில் மறுபடி பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“வெடிச்சிருக்கு சார். சுவரில்லாத செல்லு சர்க்கரைத் தண்ணியிலதான் நிக்கும். வெறுந்தண்ணி பட்டா ஊதி வெடிச்சிரும். ஆனா முந்தாநாள் பழசை எடுத்துட்டுப் புதுச் சர்க்கரைத் தண்ணி ஊத்துனது நான்தானே?”

“கலக்குனது?”

“ஹரிதா. அவ கலக்குனா நான் கலக்குன மாதிரிதான்.”

ஜன்னல் விளிம்பில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ததேயுஸ் அங்கே பழைய சர்க்கரைத் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் ஹரிதா கலக்கிய புதியதிலிருந்து ஒரு சொட்டும் விட்டார். சாயா ஆறுவதற்குள் பழைய சொட்டை எறும்பு மொய்த்துவிட்டது. புதியதை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

“ஐயோ, சர்க்கரை போட மறந்துட்டேன் போல,” என்றாள் ஹரிதா.

“மறந்தா சர்க்கரை விட்டுப்போகும் மக்களே. தட்டு எப்படிப் போகும்? லிஜோ, குப்பைக்கூடையில சில்லு கிடக்கா?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“தட்டு உடையல. யாரோ உயிரோட கொண்டு போயிருக்காங்க. தன்கிட்ட உள்ளது மட்டும் பிழைக்கணும்னு மத்ததைக் கொன்னிருக்காங்க. நேசபாய்க்கு அது எதுக்கு?”

ஹரிதா தலை குனிந்தாள். “நீ ஊத்தத் தட்டை எடுத்துத் தந்தப்போ ஒண்ணை மட்டும் ஒளிச்சுட்டேன். அடுத்த மாசம் ஒரு வாழைக்கன்னுக் கம்பெனியில சேரணும். வெறுங்கையோட போகவா?”

சிவப்ரியா அவளைச் சொந்தத் தங்கையை நம்புவதுபோல் நம்பியிருந்தாள். இப்போது தன் விரல்களைப் பார்த்தாள்.

“கொல்லணும்னா நீயே கொன்னிருக்கலாமே. என் கையாலயே எதுக்குட்டி ஊத்த வச்சே?”