கறண்ட் இல்லாத வீட்டில்

ஜெனரேற்றர் நின்றுவிட்டது, கொம்பியூட்டர் நிற்கவில்லை.

முற்றத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக் குடித்து இருமிக்கொண்டிருந்த அந்தச் சனியன் இரண்டு தரம் விக்கி அடங்கியதும், மேசைக்கு மேலே தொங்கிய பல்ப் அணைந்து, சாவகச்சேரியின் மற்ற வீடுகளைப் போலவே பத்மாசினியின் வீடும் இருளுக்குள் போனது. திரை மட்டும் பச்சை எழுத்துகளோடு அவள் முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மிச்சம் மீதிக் கறண்ட் கிடக்கும், இப்போது போய்விடும் என்று காத்திருந்தாள். போகவில்லை.

சண்டையால் ஊரில் கம்பி வழியாகக் கறண்ட் வந்தே மூன்று வருடமாகிறது. அவளும் கணவர் அருட்பிரகாசமும் ஜெனரேற்றரைப் போட்டு, அந்தப் பழைய மெஷினில் ரியூசன் வகுப்புகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துத்தான் பிழைத்தார்கள். மெஷினென்றால் அப்படியொரு மெஷின். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரலாம். எண்ணெய் கிடைக்கிற கிடைப்பில் இந்தச் சோம்பல் சரிவராது, மெமறியைக் கூட்டினால் பறக்கும் என்று அருட்பிரகாசம் ஒற்றைக்காலில் நின்றார். கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்குப் போய் நாலு மெமறித் துண்டுகளை வாங்கினார். திரும்புகிறபோது படகில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். பொதியைத் தன்னோடு வந்த கனகசபாபதியின் கையில் கொடுத்து, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை, நான் அடுத்ததிலை வாறன்" என்றாராம். பொதி வீடு வந்து சேர்ந்தது. அடுத்த படகு வரவில்லை.

மாதம் இரண்டாகிறது. எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பார்கள் என்றார்கள் சிலர். கடலோடு போன ஆளுக்குக் காரியத்தைச் செய், பொட்டை அழி என்றார்கள் சொந்தக்காரர். உடம்பையே காணாமல் என்ன காரியம் என்று அவள் எல்லோரோடும் சண்டை பிடித்தாள். இப்போது அவள் வீட்டு வாசல் படலையை ஒருவரும் திறப்பதில்லை. அவர் வந்து தன் கையால் பூட்டட்டும் என்று தொடாமல் வைத்திருந்த பொதியை, தனிமை பொறுக்கமாட்டாமல் இன்று பின்னேரம் அவளே பிரித்தாள். மூடியைக் கழற்றித் தூசியை ஊதி, பழைய துண்டுகளைப் பிடுங்கிவிட்டு அவர் வாங்கியவற்றை அழுத்தினாள். மெஷின் உண்மையிலேயே பறந்தது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல் அதன் முன்னால் இருந்து அழுதாள்.

இப்போது அழுகை வரவில்லை.

போத்தல் விளக்கைக் கொளுத்தி மேசையில் வைத்தாள். பார்ப்போமென்று ஒரு வினாத்தாளைத் திறந்தாள். கண் இமைப்பதற்குள் அது திறந்தது, ஆனால் அது திறக்கிற வேளையில் வீட்டின் பின்பக்கத்தில் எங்கேயோ ஓர் இரைச்சல் தம் பிடித்து எழும்பியதையும், திறந்து முடிந்ததும் அது மூச்சு விட்டாற்போலத் தணிந்ததையும் பனைகளின் சலசலப்புக்கு நடுவிலும் அவள் தெளிவாகக் கேட்டாள். வேகமாக எழுத்தடித்தாள். இரைச்சல் கூடியது. கையை எடுத்தாள். குறைந்தது.

மேசைக்குக் கீழே குனிந்து, சுவரோடு போன வயரைத் தடவிப் பிடித்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணையவில்லை. கைக்குள் இருந்த பிளக் ஈரமாக இருந்தது.

அந்த இரைச்சல் அவளுக்குப் பழக்கமானது. ரயரில் உரசுகிற சைக்கிள் டைனமோ. பற்றரி கண்ணிலும் காணக் கிடைக்காத ஊரில் றேடியோ கேட்பதற்கு அதுதான் வழி. பின் விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி அவர் பெடலை உழக்குவார். வயர் வழியாக வருகிற சொட்டுக் கறண்டில் அறைக்குள் அவள் செய்தி கேட்பாள். ஒரு றேடியோவுக்கே அவருக்கு நாக்குத் தள்ளும். கொம்பியூட்டருக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

இந்தக் கணக்கெல்லாம் மூளை போட்டது. நெஞ்சு அதைக் கேட்கவில்லை. வந்துவிட்டார். பின்வேலியால் நுழைந்து, அவளைத் திகைக்க வைக்கிறதுக்கென்று சத்தம் போடாமல் சைக்கிளில் ஏறியிருக்கிறார். சந்தோசத்தில் பிளக்கைப் போட்டுவிட்டு எழும்பினாள்.

"இஞ்சேருங்கோ, நீங்களே?"

உழக்குகிற சத்தம். அதோடு மூச்சு. இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் குமிழி விட்டது.

விளக்கோடு போனாள். நடையில் உப்பு மணம். சேற்று மணம். பிறகு, கரையில் கிடந்து அழுகிய கடற்பாசியின் மணம். பின்கதவு உள்ளே கொண்டி போட்டபடி இருந்தது. அதன் கீழ் இடுக்கால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காலில் பட்டது. குளிர்.

கதவுப் பலகையின் வெடிப்பில் கண்ணை வைத்தாள். விறாந்தைக்குள் நிலவு விழுந்திருந்தது.

பெடல். பெடலில் ஒரு கால். ஊறி வெளுத்த கால். தோல் கழன்று தொங்கியது. சின்னவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. அவளுக்குத் தெரிந்த விரல்.

அதற்கு மேலே அவள் பார்க்கவில்லை. விளக்கு கைதவறி விழுந்து தண்ணீரில் சீறியது.

உழக்கம் தளர்ந்தது. பின்னால், அறையில், திரை வெளிச்சம் மங்கியது.

"காணுமோ, பத்மா?"

அவர் குரல். தொண்டை நிறையத் தண்ணீர்.

செய்தி முடிகிற நேரத்தில் எப்போதும் கேட்கிற கேள்விதான். காணும், போதும் என்றால் இறங்குவார். உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். காணாது என்றால் எவ்வளவு நேரமானாலும் உழக்குவார், பாவி மனுசன்.

போகச் சொல்ல மனமில்லை. வரச் சொல்லத் துணிவில்லை. இரண்டு கைகளாலும் கொண்டியை அழுத்திப் பிடித்தாள். வாய்க்குள் கண்ணீர் உப்புக் கரித்தது.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள். "இன்னுங் கொஞ்சம் உழக்குங்கோ."

"ஓம்," என்றது குரல்.

வெடிப்புக்கு அப்பால் அந்தக் கால் கீழே போனது. மேலே வந்தது. கீழே போனது.